லுக்கீமியா செல் எதைத் தின்று பிழைக்கிறது என்று பார்த்து, நோய் எப்படிப் போகும் என்று சொல்ல முடியுமா?

கேட்கப்பட்டது இது: டர்பனின் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் 68 வயது அண்ணனுக்கு ஏஎம்எல், அதாவது அக்யூட் மைலாய்டு லுக்கீமியா என்ற ரத்தப் புற்றுநோய். வெள்ளணு 1,40,000. எல்டிஹெச் 900ஐத் தாண்டிவிட்டது. சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார். ஒரு நாள் ரிப்போர்ட்டில் குளுக்கோஸ் லிட்டருக்கு 1.9 மில்லிமோல் என்று மிகக் குறைவாக வந்து வீடே பதறியது. செல்லின் வளர்சிதை மாற்றத்தை அளந்து எதிர்காலம் சொல்லும் டெஸ்ட் டர்பனில் உண்டா?

முதலில் அந்த 1.9. அவர் மயங்காமல், வியர்க்காமல் பேசிக்கொண்டிருந்தார் என்றால் அது பெரும்பாலும் உடம்பின் குளுக்கோஸ் அல்ல, டியூப்பின் குளுக்கோஸ். ரத்தம் எடுத்த பிறகும் வெள்ளணுக்கள் சாவதில்லை, டியூப்புக்குள்ளேயே குளுக்கோஸைத் தின்றுகொண்டிருக்கும். சாதாரண ரத்தத்திலேயே அறை வெப்பத்தில் மணிக்குச் சுமார் 5 முதல் 7 சதவீதம் குறையும். லட்சத்துக்கு மேல் வெள்ளணு இருந்தால் கேட்கவே வேண்டாம். சாம்பல் மூடி டியூப்பில் இருக்கும் ஃப்ளூரைடு இதைத் தடுக்கும், ஆனால் உடனே அல்ல. முழுதாக வேலை செய்ய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஆகவே டியூப்பை ஐஸில் வைத்து, பிளாஸ்மாவைச் சீக்கிரம் பிரிக்கச் சொல்லுங்கள். அதே நேரத்தில் விரல் நுனியிலும் ஒரு சொட்டு எடுத்துப் பாருங்கள். தமனி ரத்தத்தில் ஆக்ஸிஜன் குறைவு என்று வந்து, விரலில் மாட்டும் மீட்டர் 97 காட்டினாலும் இதே கதைதான்: ஆக்ஸிஜனையும் அவை டியூப்பிலேயே செலவழித்துவிடும். பொட்டாசியம் நேர்மாறு. லுக்கீமியா செல் எளிதில் உடையும். காற்றுக் குழாய் வழியே லேப்புக்கு அனுப்பினால் உடைந்து பொட்டாசியத்தைக் கொட்டும். கையில் எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

எல்டிஹெச், குளுக்கோஸ் உடைந்து வரும் பைருவேட்டை லாக்டேட் ஆக்கும் நொதி. செல் செத்து உடையும்போது ரத்தத்தில் சிந்தும். நோய்ப் பளு எவ்வளவு, செல்கள் எவ்வளவு வேகமாகப் பெருகி மடிகின்றன என்பதற்கு அது ஒரு தோராயமான அளவு, அவ்வளவுதான். செம்மணு உடைந்த மாதிரியிலும் ஏறும். 900 என்ற ஒற்றை எண்ணை வைத்து ஆயுளைக் கணக்குப் போடாதீர்கள்.

லாக்டேட்டும் பார்ப்பார்கள். ரத்த அழுத்தம் சரியாக இருக்கும்போதே அது ஏறிக்கொண்டு போனால் நல்ல சகுனம் அல்ல. ஆனால் டூர்னிகெட் நேரமானாலும், முஷ்டியை இறுக்கி இறுக்கித் திறந்தாலும் ஏறும். சிறுநீரகம் தளர்ந்திருக்கும்போது மெட்ஃபார்மினும் ஏற்றும். தயமின் (வைட்டமின் பி1) குறைவும் ஏற்றும். நம் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளில் மெட்ஃபார்மின் இல்லாத வீடு அபூர்வம் என்பதால், அதை டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இனி முக்கியக் கேள்வி. புற்றுச் செல் ஆக்ஸிஜன் இருந்தும் குளுக்கோஸை லாக்டேட்டாக மாற்றுகிறது என்று ஓட்டோ வார்பர்க் 1920களில் காட்டினார். அதைப் பிடித்துக்கொண்டு சர்க்கரையை நிறுத்தினால் நோய் பட்டினி கிடக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றுவது தவறு. மறுபடி நோயைக் கிளப்பும் லுக்கீமியா மூலச் செல்கள் பெரிதும் செல்லின் ஆற்றல் கூடமான மைட்டோகாண்ட்ரியாவை நம்பி வாழ்பவை, அமினோ அமிலங்களையும் எரிப்பவை. சோறைக் குறைத்தால் மெலிவது அண்ணன்தான். ரத்தத்தில் லாக்டேட், பைருவேட், சிட்ரேட் போன்றவற்றைச் சேர்த்து அளந்து ஏஎம்எல் போக்கைக் கணிக்கலாம் என்று 2014இல் சீனாவிலிருந்து வந்த ஆய்வு காட்டியது. அது இன்னும் வழக்கமான சிகிச்சைக்கு வரவில்லை, டர்பனில் மட்டுமல்ல. அதில் எனக்கு ஆச்சரியமும் இல்லை: டியூப் அரை மணி தாமதமானாலே மாறிவிடும் எண்களை வைத்து யார் முடிவெடுப்பார்கள்?

நடைமுறையில் நிஜமாக உதவுவது ஒன்று உண்டு: ஐடிஹெச்1, ஐடிஹெச்2 மரபணு மாற்றம். ஏஎம்எல் உள்ளவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இது இருக்கும். மாறிய நொதி, ஆல்ஃபா கீட்டோகுளுட்டரேட்டை 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் ஆக்கிவிடும். அது குவிந்தால் டெட்2 போன்ற நொதிகள் அடைபட்டு, செல் முதிர முடியாமல் குழந்தையாகவே நிற்கும். மரபணு டெஸ்ட் டிஎன்ஏவைப் பார்ப்பதால், குளுக்கோஸ் மாதிரி டியூப்பில் கரைந்து போகாது.

இந்த மாற்றம் இருந்தால் நல்லதா கெட்டதா? எந்த மருந்து என்று சொல்லாமல் பதில் சொல்ல முடியாது. கடுமையான கீமோ எடுப்பவர்களுக்கான 2022 இஎல்என் (ஐரோப்பிய லுக்கீமியா நிபுணர் குழு) வகைப்பாட்டில் ஐடிஹெச்சுக்கு இடமே இல்லை. மென்மையான சிகிச்சை எடுப்பவர்களுக்காக 2024இல் அதே குழு போட்ட வகைப்பாட்டில், டிபி53 என்ற மரபணு கெடாமல் இருந்தால் ஐடிஹெச்1 மாற்றம் சாதகப் பக்கம்; ஐடிஹெச்2 மாற்றத்துக்கு எஃப்எல்டி3-ஐடிடி, ராஸ் மரபணு மாற்றங்களும் இல்லாமல் இருக்க வேண்டும். காரணமும் வளர்சிதை மாற்றம்தான்: 2-ஹைட்ராக்ஸிகுளுட்டரேட் மைட்டோகாண்ட்ரியாவின் சுவாசச் சங்கிலியைத் தளர்த்துவதால், செல் உயிர் பிழைக்க பிசிஎல்2 புரதத்தைப் பிடித்துக்கொள்கிறது; வெனிட்டோக்ளாக்ஸ் என்ற மாத்திரை அந்தப் பிடியைத்தான் விடுவிக்கிறது. 2020இல் வெளிவந்த வியாலே-ஏ ஆய்வில் அசாசிட்டிடின் என்ற மென்மையான கீமோ மருந்தை மட்டும் எடுத்தவர்களின் நடுத்தர ஆயுள் 9.6 மாதம், வெனிட்டோக்ளாக்ஸும் சேர்த்தவர்களுக்கு 14.7. ஐடிஹெச்1 மாற்றம் உள்ளவர்களுக்கு அந்த மாறிய நொதியைத் தடுக்கும் ஐவோசிடெனிப், அசாசிட்டிடின் சேர்த்துக் கொடுத்த ஆய்வில், அசாசிட்டிடின் மட்டும் எடுத்தவர்களின் 7.9 மாதத்துக்கு எதிராக 24 மாதம். மோனோசைட் வகை ஏஎம்எல் வேறு புரதத்தைப் பிடித்து நிற்பதால் வெனிட்டோக்ளாக்ஸுக்கு மசியாமல் போகலாம்.

ஆகவே கிளினிக்கில் நேராகக் கேளுங்கள்: ஐடிஹெச்1, ஐடிஹெச்2, என்பிஎம்1, எஃப்எல்டி3, டிபி53 மரபணுக்களைப் பார்த்தீர்களா? ரிப்போர்ட் எப்போது வரும்? மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு) இருந்தால் எந்த மருந்துக்கு முன் அனுமதி கேட்டிருக்கிறார்கள்? வெனிட்டோக்ளாக்ஸ் தொடங்கினால் 100, 200, 400 மில்லிகிராம் என்று மூன்று நாளில் ஏற்றுவார்கள், அதற்கு முன் வெள்ளணுவை 25,000க்குக் கீழே இறக்குவார்கள். போசகோனசோல் போன்ற பூஞ்சை மருந்து கூடவே கொடுத்தால் வெனிட்டோக்ளாக்ஸ் அளவை வெகுவாகக் குறைக்க வேண்டும். அந்த மாத்திரையை வேறு டாக்டர் எழுதியிருந்தால் ரத்தவியல் குழுவிடம் சொல்லிவிடுங்கள். செல்கள் உடைந்து ஏறும் யூரிக் அமிலத்தைக் குறைக்க ரஸ்புரிகேஸ் ஊசி போடுவதாக இருந்தால் முன்பே ஜி6பிடி என்ற செம்மணு நொதியில் குறைபாடு உண்டா என்று பார்க்க வேண்டும், இருந்தால் செம்மணுக்கள் உடையும். அந்த ஊசிக்குப் பிறகு எடுக்கும் யூரிக் அமில மாதிரியும் ஐஸில்தான் போக வேண்டும், இல்லையேல் மருந்து டியூப்பிலும் வேலை செய்து பொய்யாகக் குறைத்துக் காட்டும்.