பணம் பிள்ளையின் பின்னால் போனபோது

அன்புள்ள ஐயா,

அரசுப் பள்ளிகளுக்குச் செலவாகும் தொகையைத் தலைக்கு இவ்வளவு என்று பிரித்துப் பெற்றோரிடமே கொடுத்துவிட்டால், ஏழையும் விரும்பிய பள்ளியில் பிள்ளையைச் சேர்க்கலாம் அல்லவா? கல்வி உரிமைச் சட்டத்தின் 25 விழுக்காட்டு இடத்தில் என் மகள் படிக்கிறாள். அதையே எல்லோருக்கும் விரித்தால் போதும். இதில் இடது, வலது என்ற பேச்சு எதற்கு?

க., தஞ்சாவூர்

அன்புள்ள க. அவர்களுக்கு,

உங்கள் யோசனையைத் தென் அமெரிக்காவின் சிலி ஏறத்தாழ முழுமையாகவே செய்து பார்த்துவிட்டது. அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் ஃப்ரீட்மன் 1955இல் முன்வைத்த அந்தக் கருத்தை, சிகாகோ பல்கலைக்கழகத்தில் படித்துத் திரும்பிய பொருளியலாளர்கள், 1973இல் ஆட்சியைக் கவிழ்த்த பினோசெட்டின் இராணுவ அரசில் அமர்ந்துகொண்டு 1981இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். எதிர்த்துப் பேச நாடாளுமன்றம் இல்லை. அரசியல் முதலில் அங்கேயே வந்துவிடுகிறது.

அரசுப் பள்ளிகள் நகராட்சிகளிடம் ஒப்படைக்கப்பட்டன. பெற்றோர் கையில் பணம் எதுவும் தரப்படவில்லை. பிள்ளை நகராட்சிப் பள்ளியில் படித்தாலும் மானியம் பெறும் தனியார் பள்ளியில் படித்தாலும் அந்தப் பள்ளிக்கு அரசின் பணம் போனது. அதுவும் பதிவேட்டில் உள்ள பெயருக்கு அன்று, பிள்ளை வகுப்புக்கு வந்த நாள்களுக்கு. காய்ச்சலில் படுத்த பிள்ளை, பள்ளியின் வரவுக் கணக்கில் விழும் ஒரு துண்டு. தனியார் பள்ளிகள் இதில் இலாபம் எடுக்கவும் தடையில்லை. 1981இல் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே குறைவான மாணவர்கள் பொதுப் பள்ளிகளில் இருந்தார்கள்; முப்பது ஆண்டுகளில் அது ஐந்தில் இரண்டாகச் சுருங்கியது.

பெற்றோர் பள்ளியைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது கொள்கை. நடைமுறையில் பள்ளிகளே பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்தன. நுழைவுத் தேர்வும் பெற்றோருக்கு நேர்காணலும் வந்தன. (என் மகனை எல்.கே.ஜி.யில் சேர்க்கப் போனபோது, அவனை ஒரு வார்த்தையும் கேட்காமல் என் சம்பளத்தையும் மனைவியின் படிப்பையும் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். ஆகவே இதைப் புரிந்துகொள்ள நான் சிலிக்குப் போக வேண்டியதில்லை.) எனக்கு வியப்பளிப்பது அடுத்த கட்டம்தான்: மக்களாட்சி திரும்பிய பிறகு, 1993இல், தேர்ந்தெடுக்கப்பட்ட அரசே மானியம் பெறும் தனியார் பள்ளிகள் மேற்கொண்டு கட்டணமும் வாங்கலாம் என்று வழியை அகலப்படுத்தியது. கொஞ்சம் கட்ட முடிந்தவர் ஒரு படியிலும், இன்னும் கொஞ்சம் கட்ட முடிந்தவர் அடுத்த படியிலும், ஒன்றும் கட்ட முடியாதவர் நகராட்சிப் பள்ளியிலுமாகப் பிள்ளைகள் பிரிந்தார்கள். ஷே, உர்கியோலா என்ற இரு பொருளியலாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு, சராசரித் தேர்ச்சி உயர்ந்ததற்குச் சான்று காணவில்லை. வசதியுள்ள பிள்ளைகள் பிரிந்து போனதைத்தான் கண்டது.

அதே 2006இல் உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள். கறுப்பு வெள்ளைச் சீருடையால் அவர்களைப் பெங்குவின்கள் என்றே நாடு அழைத்தது. பினோசெட் பதவியை விட்டிறங்குவதற்கு முந்தைய நாள், 1990 மார்ச் 10 அன்று, பிறப்பித்துவிட்டுப் போன கல்விச் சட்டத்தை நீக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 2008இல் ஏழைப் பிள்ளைகளைச் சேர்க்கும் பள்ளிகளுக்குக் கூடுதல் மானியம் வந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், மதிப்பெண் இடைவெளி அதன் பிறகு குறைந்ததாக ஆய்வுகள் உண்டு. 2015ஆம் ஆண்டுச் சட்டம் மானியப் பள்ளிகளில் இலாபம், மேல் கட்டணம், மாணவரை வடிகட்டுதல் மூன்றையும் படிப்படியாக முடிவுக்குக் கொண்டுவந்தது.

உங்கள் மகளின் இடத்துக்கும் அரசுதான் பணம் தருகிறது. ஆனால் வெறும் பணத்தால் கிடைத்த இடமன்று அது. தனியார் பள்ளியை இடம் ஒதுக்கும்படி கட்டாயப்படுத்தும் அதே சட்டம், நன்கொடையையும் நேர்காணலையும் 13ஆம் பிரிவில் தடுக்கிறது. அந்தத் தடையைத் தளர்த்திவிட்டுப் பணத்தை மட்டும் எல்லோருக்கும் விரித்தால் நாம் போய்ச் சேருமிடம் 1993இன் சிலி. அவர்களோ 2016இல், நாட்டின் தென்கோடியிலிருந்து தொடங்கி, பெற்றோரின் விருப்ப வரிசையைக் கணினியில் வாங்கி, இடத்துக்கு மேல் விண்ணப்பம் வந்தால் உடன்பிறந்தோர் போன்ற சில முன்னுரிமைகள் போகக் குலுக்கலில் முடிவு செய்யும் முறைக்கு வந்துவிட்டார்கள். உங்கள் மகளுக்கும் குலுக்கலில்தான் இடம் கிடைத்திருக்கும் என்று நினைக்கிறேன்.

அன்புடன்.