கொரலென்கோவை எங்கிருந்து தொடங்குவது?

வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "விளாதிமிர் கொரலென்கோவின் சைபீரியக் கதைகளைப் படிக்க ஆசை. முதலில் வாழ்க்கை வரலாற்றைப் படிக்கணுமா, நேரே கதைக்குப் போய்விடலாமா?"

நேரே கதைக்குப் போங்கள். இந்த ரஷ்ய எழுத்தாளரின் வாழ்க்கையில் தெரிய வேண்டியது கொஞ்சம்தான். 1881இல் ஜார் இரண்டாம் அலெக்சாண்டர் கொல்லப்பட்டதும், புதிய ஜாருக்கு விசுவாச உறுதிமொழி எடுக்கச் சொன்னார்கள். ஏற்கெனவே அரசியல் காரணத்துக்காகப் பெர்ம் நகரில் கண்காணிப்பில் வைக்கப்பட்டிருந்த கொரலென்கோ மறுத்துவிட்டார், அவ்வளவுதான், சைபீரியாவின் வடகிழக்கில் உள்ள யாகூத்தியாவில் அம்கா என்ற ஊருக்குத் தூக்கிப் போட்டார்கள். நாட்டை விட்டு வெளியேற்றுவதல்ல இது, நாட்டுக்குள்ளேயே கண்காணாத மூலைக்குத் துரத்துவது. 1884 வரை அங்கே உழுதார், செருப்புத் தைத்தார், நடுவில் எழுதினார்.

முதலில் 'மகாரின் கனவு'. மகார் அந்த ஊர் ஏழை விவசாயி. பண்டிகைக்கு முதல் நாள், விறகு கொண்டுவந்து தருகிறேன் என்று வெளியூர்க்காரர்கள் சிலரிடம் ஒரு ரூபிள் முன்பணம் வாங்கி, புகையிலை ஊறிய மட்டமான வோட்கா குடித்துவிட்டு, காட்டில் உறைந்து சாகிறான். மேலுலகத்தில் பெரிய தோயோனின், அதாவது அங்கே தீர்ப்புச் சொல்லும் தலைவரின், முன்னால் தராசு. நம்மூர் சித்திரகுப்தன் கணக்கு மாதிரிதான், ஆனால் மகார் யாரும் பார்க்காதபோது தட்டைக் காலால் பிடித்து நிறுத்தப் பார்க்கிறான்! நான் சிரித்தது அங்கே. குதிரையாகப் பிறக்கத் தீர்ப்பானதும் அவனுக்கு வரும் கோபத்தைப் படித்தபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது. அப்புறம் நடப்பதை நீங்களே படியுங்கள்.

விறகுக்குக் காசு கொடுத்த அந்த வெளியூர்க்காரர்களைக் கவனியுங்கள். நாடுகடத்தப்பட்டவர்கள் அவர்கள், அதாவது கொரலென்கோவின் ஆட்கள். சில வரிகளில் வந்து போய்விடுகிறார்கள். தன் துயரத்தை மையத்தில் வைத்துப் புலம்ப எல்லா நியாயமும் இருந்தவர், அந்த இடத்தை மகாருக்குக் கொடுத்துவிட்டு ஓரத்தில் நின்றுகொள்கிறார். வாழ்க்கை வரலாற்றை முதலில் படித்தால் கண் அவரையே தேடும், மகாரைத் தவறவிடுவீர்கள்.

அடுத்து 'சகாலினிலிருந்து வந்தவன்'. தனியே கிடப்பவனின் வீட்டுக்குப் பனிக்கால இரவில் ஒருவன் வந்து, தீவுச் சிறையிலிருந்து தப்பிய கதையைச் சொல்கிறான். செகாவ் மெச்சிய கதை. 'பார்வையற்ற இசைஞன்' பிரபலம்தான், ஆனால் அது உக்ரைன் கதை, சைபீரியா தேடுபவருக்கு இப்போது வேண்டாம்.

சுயசரிதை நீளம், கடைசிப் பகுதியில்தான் அம்கா வருகிறது. மகாரை முடித்த பிறகு அதைத் திறங்கள். கொரலென்கோ குடியிருந்த வீட்டுக்காரர் சகார்தான் மகாருக்கு முன்மாதிரி.