வால் தெரியவில்லை என்றால் வால் இல்லையா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

எங்கள் ஏலத்தோட்டத்து வீட்டுக்குள் இரவில் ஒரு பழந்தின்னி வௌவால் புகுந்துவிட்டது. கைபேசியில் படமெடுத்துவிட்டுப் பறக்கவிட்டோம். வால் இல்லை. வாலே இல்லாத அபூர்வ இனமான சலீம் அலி வௌவால் என்று நினைக்கிறேன். அது பதிவான எந்த இடமும் எங்கள் மலைக்கு அருகில் இல்லை. புதிய பதிவாக எழுதி அனுப்பலாமா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

இப்போது அனுப்பவேண்டாம். அது சலீம் அலி வௌவாலாகவே இருக்கலாம். ஆனால் இந்த ஒரு படத்தால் அதை நிறுவ முடியாது.

இயற்கை ஆர்வலர் ஆங்கஸ் ஹட்டன் 1948இல் மேகமலையில் சேகரித்த சலீம் அலி வௌவால் மாதிரி, சாதாரணக் குட்டைமூக்கு வௌவால் என்ற பெயரில் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் இருந்தது. 1972இல் தாய்லாந்து விலங்கியலாளர் கிட்டி தோங்லோங்யா ஆராய்ந்த பிறகே அது தனிப் பேரினம் என்று தெரிந்தது. பிற்பாடு களக்காடு முண்டந்துறையிலும் கிடைத்தது. அன்று நடந்த குழப்பம் இன்று தலைகீழாகவும் நடக்கும். வாழைத்தோப்புக்குத் தினமும் வரும் குட்டைமூக்கு, படத்தில் அபூர்வ இனமாகத் தோன்றிவிடும்.

குட்டைமூக்கின் வால் ஒரு சென்டிமீட்டர் அளவுதான். தொடையை ஒடுக்கிக்கொண்டால் சவ்வு மடிப்பிலும் ரோமத்திலும் மறைந்துவிடும். பின்கால்களை விரித்து அடிப்புறத்திலிருந்து எடுத்த படம் வேண்டும். அதைவிட உறுதியானது பல். குட்டைமூக்குக்கு மேலே நான்கு, கீழே நான்கு வெட்டுப்பற்கள். சலீம் அலி வௌவாலுக்கு மேலே இரண்டு, கீழே இரண்டு. வயதானவற்றில் பல் விழுந்திருக்கும், ஆகவே எண்ணிக்கையோடு ஈறில் இடைவெளி இருக்கிறதா என்றும் பாருங்கள். காது விளிம்பில் வெள்ளைக்கோடு இருந்தால் பெரும்பாலும் குட்டைமூக்குதான். முன்கை நீளம் இரண்டிலும் ஏழு சென்டிமீட்டரை ஒட்டியே வருவதால் அதை மட்டும் நம்பவேண்டாம். குட்டியா என்று அறிய, இறக்கையை விளக்குக்கு எதிரே பிடித்தால் போதும்: விரல் மூட்டில் ஒளி ஊடுருவும் பட்டை தெரிந்தால் வளர்ச்சி முடியவில்லை. குட்டியின் அளவுகளை ஒப்பிடக்கூடாது.

மனிதக் காதுக்குக் கேட்காத மீயொலியைப் பதியும் கருவி இதற்கு உதவாது. இவ்விரண்டும் பூச்சியுண்ணும் வௌவால்களைப்போல் தொண்டையிலிருந்து மீயொலி எழுப்பித் திசையறிபவை அல்ல.

இதையெல்லாம் நீங்களே பிடித்துப் பார்க்கக்கூடாது. சலீம் அலி வௌவால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ளது. வலை கட்டவும் திசு எடுக்கவும் முன் அனுமதி வேண்டும். அனுமதி பெற்ற ஆய்வாளர் வந்தால் இறக்கைச் சவ்வில் ரத்தநாளம் இல்லாத இடத்தில் 3 மி.மீ. துண்டு எடுத்து, தூய எத்தனாலில் போடுவார். ஃபார்மலினில் போட்டால் மரபணுச் சோதனை கெட்டுவிடும். அடுத்தமுறை வீட்டுக்குள் வந்தால் விளக்கை அணைத்து ஜன்னலைத் திறந்துவிடுங்கள். வெறுங்கையால் தொடவேண்டாம். கடித்துவிட்டால் சோப்பும் ஓடும் நீருமாகப் பதினைந்து நிமிடம் கழுவி, அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.

அடையாளம் உறுதியானாலும் “வௌவால் புதிதாக வந்திருக்கிறது” என்று எழுதாதீர்கள். கிட்டியின் பெயர் தாங்கிய பன்றிமூக்கு வௌவால் 1974 முதல் தாய்லாந்துக்கு மட்டுமே உரியதாகக் கருதப்பட்டது. 2001இல் மியான்மரிலும் அறியப்பட்டது. அது எல்லை தாண்டிப் போனதாக யாரும் சொல்லவில்லை, முன்பு அங்கே தேடியவர்கள் குறைவு. உங்கள் மலையில் பாலூட்டும் பெண் வௌவால் கிடைத்தால், சலீம் அலி வௌவால் அங்கேயே பெருகுகிறது என்பதற்கு அது நல்ல சான்று. தனி ஆண் ஒன்று அப்படியல்ல.

அது தங்கும் குகை தெரியவந்தால் துல்லியமான இடத்தை வெளியிடாதீர்கள், வனத்துறைக்கு மட்டும் தெரிவியுங்கள். இறைச்சிக்காக இவ்வினம் வேட்டையாடப்படுகிறது. இப்போதைக்கு மூலப் படத்தைத் தேதி, நேரம், கடல்மட்ட உயரத்தோடு அப்படியே வைத்திருங்கள். காதும் முன்பல்லும் தெரியும் வேறு படம் இருந்தால் அனுப்புங்கள், பார்க்கிறேன்.