கார்த்திகையில் கல்யாணம்: மழையையும் வெளிச்சத்தையும் பார்த்து நேரம் ஒதுக்குவது எப்படி?

கேள்வி: நவம்பர் கடைசி ஞாயிற்றுக்கிழமை மயிலாடுதுறையில் தங்கைக்குக் கல்யாணம். முகூர்த்தம் காலை 7.45 முதல் 9.00 வரை. மாலையில் ரிசப்ஷன். நடுவில் தரங்கம்பாடி கடற்கரைக்குப் போய் சூரிய அஸ்தமனத்தில் படம் எடுக்க வேண்டும் என்று தங்கைக்கு ஆசை. மழைக்காலம் வேறு. நேரத்தை எப்படிப் பிரிப்பது?

பதில்:

கும்பகோணம் பக்கம் கல்யாணங்களுக்குப் படம் எடுப்பது என் தொழில். அதனால் என் பதில் கொஞ்சம் கேமரா பக்கமாகத்தான் சாயும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முகூர்த்தத்தை ஜோசியர் குறித்துவிட்டார், அதில் யாரும் கை வைக்க முடியாது. மற்றதெல்லாம் நம் கையில்தான். இந்தப் பருவத்தில் எல்லாரும் மழையை நினைத்தே பயப்படுகிறார்கள். மழை வரலாம், வராமலும் போகலாம். பொழுது சீக்கிரம் சாய்வது மட்டும் நிச்சயம். மார்கழியில்தான் சீக்கிரம் இருட்டும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். நம் பகுதியில் வருஷத்திலேயே சூரியன் சீக்கிரமாக மறைவது நவம்பர் பின்பாதியில். மயிலாடுதுறையில் அப்போது 5.45க்கு அஸ்தமனம். அடுத்த இருபது நிமிஷத்தில் இருட்டிவிடும். மேகமூட்டம் என்றால் ஐந்தேகாலுக்கே வெளிச்சம் போய்விடும்.

முதலில் காலையைப் பார்ப்போம். சூரிய உதயம் 6.10க்கு மேல். தங்கை நாலு மணிக்கே அலங்காரத்துக்கு உட்கார்ந்துவிடுவார். அந்த நேரத்தில் எடுக்கும் படமெல்லாம் விளக்கு வெளிச்சப் படம்தான், அதில் தப்பில்லை. ஆனால் 6.30க்கு அலங்காரம் முடிந்து, கிழக்குப் பார்த்த ஜன்னல் பக்கம் கால் மணி நேரம் அவரை விட்டால் போதும், அன்றைய நாளின் நல்ல படங்கள் சில அங்கேயே கிடைத்துவிடும். மணமகள் அறைக்குக் கிழக்கு ஜன்னல் இருக்கிறதா என்று இப்போதே போய்ப் பாருங்கள். கிழக்கு ஜன்னல் இருப்பது மாப்பிள்ளை வீட்டாருக்கு ஒதுக்கிய அறையில் என்றால், பேசி மாற்றிக்கொள்ள இன்னும் நேரம் இருக்கிறது.

மழை விஷயத்தில் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சித்திரை வைகாசியில் உள்மாவட்டங்களில் வருவது மாலை இடிமழை. பகலெல்லாம் காய்ந்து, நாலு மணிக்கு மேல் இருட்டிக்கொண்டு கொட்டும். வடகிழக்குப் பருவமழை கடலோரத்தில் அப்படி இல்லை. பெரும்பாலும் பின்னிரவிலும் விடியற்காலையிலும்தான் வலுத்துப் பெய்யும். அதாவது உங்கள் விருந்தாளிகள் வந்து இறங்கும் நேரத்தில். ஆகவே மாக்கோலத்தைப் போர்டிகோவுக்குள்ளேயே போடச் சொல்லுங்கள். வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாசல்வரை தகரக் கொட்டகை போடுங்கள், துணிப் பந்தல் நனைந்தால் தொங்கிப்போய் ஒழுகும். சமையல் கூடத்திலிருந்து பந்தி நடக்கும் கூடத்துக்குப் போகும் வழிக்கு மேற்கூரை உண்டா என்பதை மறக்காமல் கேளுங்கள். பல மண்டபங்களில் இருக்காது. சாம்பார் வாளியோடு ஆள் நனைந்துகொண்டு ஓடுவார். ஜெனரேட்டர் இருக்கிறது என்று சொன்னால் மட்டும் போதாது, ஆபரேட்டர் விடியற்காலை மூன்று மணிக்கே அங்கே இருப்பாரா என்று கேளுங்கள். உங்கள் வீட்டில் காசியாத்திரை உண்டென்றால் வாசலில் நடத்தலாம், மாப்பிள்ளை கையில்தான் குடை இருக்குமே!

நவம்பர் கடைசி என்பதால் தூறலை மட்டும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டாம். 2008 நிஷா, 2018 கஜா, 2020 நிவர், 2024 ஃபெஞ்சல் எல்லாமே நவம்பர் புயல்கள்தான். 2022 நவம்பரில் சீர்காழியில் ஒரே நாளில் 44 சென்டிமீட்டர் மழை கொட்டியது. வெளியூர் உறவினர்களை, குறிப்பாகப் பெரியவர்களை, முதல் நாள் மதியத்துக்குள் வந்து சேரச் சொல்லிவிடுங்கள். மாப்பிள்ளை அழைப்பைத் திறந்த காரில் ஊர் சுற்றி வைக்காமல், கோவிலிலிருந்து மண்டபம்வரை சின்னதாக வைத்துக்கொள்ளலாம்.

தாலி கட்டி மற்றச் சடங்குகளும் முடிய ஒன்பதரை ஆகும். குடும்பப் படங்களை அப்போதே மேடையில் முடித்துவிடுங்கள். சாப்பாட்டுக்குப் போன சித்தப்பாவைத் திரும்பப் பிடிக்கவே முடியாது. யார் யார் எந்த வரிசையில் என்று எழுதி, எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த ஒரு அத்தையிடம் கொடுத்துவிடுங்கள். மைக் வைத்துக் கூப்பிடுவதைவிட வேகமாக நடக்கும்.

இனி தரங்கம்பாடி. தங்கையிடம் மெதுவாகச் சொல்லுங்கள், அங்கே சூரியன் கடலில் மறையாது. கிழக்குக் கடற்கரை, அங்கே உதயம்தான் கடலில். மாலையில் சூரியன் டேன்ஸ்போர்க் கோட்டைக்குப் பின்னால், ஊர்ப்பக்கம் இறங்கும். அதுவும் மயிலாடுதுறையிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர். கல்யாணப் புடவையும் நகையுமாகப் போய்வர மட்டுமே இரண்டு மணி நேரம் போய்விடும். அன்றைக்கு இது வேண்டாம். மறுவீடு எல்லாம் முடிந்து, மழை இடைவெளி விட்ட ஒரு விடியற்காலை இருவரும் போகட்டும். 1620இல் டேனிஷ்காரர்கள் கட்டத் தொடங்கிய அந்தக் கோட்டையின் கடல்பக்கச் சுவரில் காலை வெயில் நேராக விழும். தாழ்வு மண்டலம் கடந்துபோன மறுநாளோ அதற்கடுத்த நாளோ வானம் கழுவிவிட்டாற்போல இருக்கும், அந்த வெளிச்சம் சித்திரையில் கிடைக்காது.

கல்யாணத்தன்று வெளியே படம் வேண்டும் என்றால் மண்டபத்துக்குப் பக்கத்திலேயே கோவில் பிராகாரமோ பழைய வீட்டுத் தாழ்வாரமோ பார்த்துவையுங்கள். கூரை இருக்கிற இடமாக இருந்தால் மழை பெய்தாலும் நடக்கும். நேரம் மூன்று மணி முதல் நாலு மணிவரை. ஏன் நாலோடு நிறுத்தச் சொல்கிறேன் என்றால், ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் 4.30 முதல் 6 வரை. காலண்டரில் போட்டிருப்பது ஆறுக்கு ஆறு கணக்கு. உதயத்தையும் அஸ்தமனத்தையும் வைத்துப் பார்க்கிற வீடாக இருந்தால் அன்று 4.20க்கு முன்பே தொடங்கிவிடும். உங்களுக்கு நம்பிக்கை இல்லாவிட்டாலும் சம்பந்தி வீட்டுப் பாட்டிக்கு இருக்கும். மணமக்கள் நாலு மணிக்கே மண்டபத்துக்குக் கிளம்பிவிட்டால் யாருக்கும் மனக்குறை இல்லை. ஆறரைக்கு மேடை ஏறலாம்.

மேகமாக இருக்கிறதே என்று கவலைப்படாதீர்கள். நல்ல வெயிலில் ஜரிகையும் தங்கமும் பளீரென்று வெளுத்துப்போகும், கண்ணைச் சுருக்காமல் யாராலும் நிற்க முடியாது. மழையில்லாத மேகமூட்டம் எங்களுக்கு ரொம்பப் பிடித்த வெளிச்சம்.

ரிசப்ஷனைத் திறந்த புல்வெளியில் வைக்கலாமா என்று யாராவது ஆசை காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். உள்ளே வைக்கும்போது அலங்காரக்காரரிடம் மேடைக்கு ஒரே நிற விளக்காகப் போடச் சொல்லுங்கள். மஞ்சள் ஒரு பக்கம், ஊதா ஒரு பக்கம் என்றால் மணமகள் முகம் பாதி மஞ்சள் பூசினது மாதிரி வரும்.

சும்மா ஒரு தகவல்: சடங்கில் அருந்ததி காட்டுவது பகலில், அப்போது எந்த நட்சத்திரமும் தெரியாது. வைகாசியில் கல்யாணம் என்றால் அன்றிரவு எட்டு மணிக்கு வடக்கே சப்தரிஷி மண்டலத்தில் நிஜமாகவே பார்த்துவிடலாம். கார்த்திகையில் விடியற்காலை நாலரைக்கு மேல், வடகிழக்கில், அதுவும் மேகம் விட்டால்தான்.

கடைசியாக, வானிலை ஆய்வு மையத்தின் மாவட்ட எச்சரிக்கையை ஐந்து நாள் முன்பிருந்தே பாருங்கள். அன்றைக்கு காரைக்கால் ரேடார் படத்தைப் பார்த்து மதியம் இரண்டு மணிக்குள் வெளியே போவதா வேண்டாமா என்று முடிவு சொல்ல ஒரே ஒரு ஆளை வையுங்கள். மணமக்களோ அப்பாவோ வேண்டாம், அவர்களுக்கு அன்று வேறு வேலை இருக்கும். உங்களைப் போல அண்ணன்தான் சரியான ஆள்.