இரண்டு நம்பர் பெரிய ஷூ

கேள்வி: என் மகனுக்கு ஆறு வயது. ஜூனில் இரண்டாம் வகுப்புக்குப் போகிறான். சென்ற ஆண்டு, வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு நம்பர் பெரிதாகப் பள்ளி ஷூ வாங்கினோம். முன்பக்கம் பஞ்சு அடைத்து அனுப்பியும் குதிகாலில் கொப்புளம் வந்தது. இப்போதும் ஷூவின் நுனியில் இடம் இருக்கிறது. ஆனால் மாலையில் கழற்றினால் சுண்டு விரல் ஓரம் சிவந்திருக்கிறது. புது ஷூ வாங்கப் போன கடையில், பையனுக்குத் தட்டைப் பாதம், உள்ளே வளைவு வைத்த ஷூ போடாவிட்டால் பின்னாளில் முழங்கால் வலி வரும், ராணுவத்தில்கூட எடுக்க மாட்டார்கள் என்று பயமுறுத்தி 3,800 ரூபாய் விலை சொன்னார்கள். வெறுங்காலோடு ஓடவிட்டால் தானாகச் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். யார் சொல்வது சரி? எப்படிப்பட்ட ஷூ வாங்க வேண்டும்? அவனுடைய பழைய ஷூவைத் தங்கைக்குப் போடலாமா? அவளுக்கு நான்கு வயது.
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: கடைக்காரரைவிட உங்கள் மாமியார் உண்மைக்கு அருகில் இருக்கிறார். ஆனால் யார் பக்கமும் சாய்வதற்கு முன் வீட்டிலேயே ஒரு சோதனை செய்துவிடுங்கள்.

மகனை வெறுங்காலோடு தரையில் நிற்கவைத்து, அவனுக்குப் பின்னால் நீங்கள் தரையில் உட்கார்ந்து பாருங்கள். பாதத்தின் உட்பக்கம் தரையோடு ஒட்டியிருக்கும்; குதிகால் சற்று வெளிப்பக்கமாகச் சாய்ந்திருக்கும். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் எழும்பச் சொல்லுங்கள். எழும்பியவுடன் உள்ளங்கால் வளைவு தெரிகிறதா? குதிகால் நிமிர்ந்து உட்பக்கம் திரும்புகிறதா? நாற்காலியில் உட்காரவைத்துக் காலைத் தொங்கவிட்டாலும் அந்த வளைவு தெரிகிறதா? தெரிந்தால் அது நெகிழ்வான தட்டைப் பாதம். வலி இல்லாமல், மற்ற பிள்ளைகளோடு சமமாக ஓடி விளையாடுகிறான் என்றால் அதற்குச் சிகிச்சையே தேவையில்லை.

பிறக்கும்போது எல்லாக் குழந்தைகளுக்கும் பாதம் தட்டையாகத்தான் தெரியும். உள்ளங்காலில் கொழுப்பு திரண்டிருக்கும். எலும்புகளைப் பிணைக்கும் தசைநார்களும் தளர்வாக இருக்கும். நடக்கவும் ஓடவும் குதிக்கவும் தொடங்கிய பிறகு தசைகள் வலுப்பெற்று, தசைநார்கள் இறுகி, வளைவு மெல்லத் தெரியவரும். பலருக்கு இது ஆறு வயதுக்குள் நடந்துவிடுகிறது. சிலருக்குப் பத்து வயது வரை ஆகும். சிலருக்கு வளைவு கடைசி வரை தாழ்ந்தே இருந்து, அதனால் எந்தத் தொல்லையும் வராமல் போவதும் உண்டு. ஆறு வயதில் ஒரு காலைப் பார்த்துவிட்டு முழங்கால் வலி வரும் என்று ஆரூடம் சொல்ல மருத்துவரால்கூட முடியாது.

வளைவு வைத்த ஷூ இதை மாற்றுமா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். அமெரிக்காவின் டல்லாஸ் நகரில் டென்னிஸ் வெங்கர் தலைமையிலான எலும்பு மருத்துவர்கள் ஒன்று முதல் ஆறு வயது வரையுள்ள 129 குழந்தைகளைச் சேர்த்து, சிலருக்குத் திருத்த ஷூவும், ஷூவுக்குள் பாதத்தின் கீழ் வைக்கும் உள்வார்ப்புகளும் கொடுத்தார்கள். சிலருக்கு எந்தச் சிகிச்சையும் தரவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்து எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது எல்லாப் பிரிவுகளிலும் வளைவு ஒரே அளவில்தான் வளர்ந்திருந்தது. 1989-இல் வெளியான ஆய்வு இது. இத்தனை ஆண்டுகள் கடந்தும் இந்தச் செய்தி ஷூ கடைகளுக்கு வந்து சேராததற்குக் காரணம் உங்களுக்கே புரியும்.

மாமியார் கட்சிக்கும் சான்று உண்டு, அதுவும் நம் நாட்டிலிருந்து. உதய ராவ், பெஞ்சமின் ஜோசப் என்ற இரு மருத்துவர்கள் 4 முதல் 13 வயது வரையுள்ள 2,300 இந்தியக் குழந்தைகளின் கால்தடங்களைப் பதிவுசெய்து 1992-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். காலணி அணிந்து வளர்ந்தவர்களில் 8.6 சதவீதத்தினருக்குத் தட்டைப் பாதம் இருந்தது. வெறுங்காலோடு வளர்ந்தவர்களில் 2.8 சதவீதத்தினருக்கு மட்டுமே. காலணி அணிந்தவர்களிலும், செருப்பும் சாண்டலும் போட்டவர்களைவிட முன்பக்கம் மூடிய ஷூ போட்டவர்களிடம்தான் அது அதிகம். இது கணக்கெடுப்புதான், வெறுங்காலோடு நடந்ததால்தான் வளைவு வந்தது என்று இதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனாலும் ஷூ வளைவை உண்டாக்கும் என்ற பேச்சுக்கு இதில் துளியும் ஆதரவு இல்லை.

எனவே வீட்டுக்குள்ளும், சுத்தமான முற்றத்திலும், மணலிலும் அவனை வெறுங்காலோடு தாராளமாக விடுங்கள். தெருவில் வேண்டாம். கண்ணாடித் துண்டு, ஆணி, சித்திரை வெயிலில் கொதிக்கும் தார்ச்சாலை ஆகியவை ஒருபுறம். திறந்தவெளியில் மலம் கழிக்கப்படும் ஈர மண்ணில் கொக்கிப்புழு இருக்கும். அது பாதத்தின் தோலைத் துளைத்து உள்ளே போய் ரத்தசோகையை உண்டாக்கும். செருப்பு போதாத இடம் ஒன்றும் இருக்கிறது: சைக்கிள், மொபெட்டின் பின் இருக்கை. சக்கரக் கம்பிக்குள் குதிகால் சிக்கிச் சதை கிழிந்து வரும் குழந்தைகளைப் பற்றி எந்த எலும்பு மருத்துவரைக் கேட்டாலும் சொல்வார். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகிற பிள்ளைக்குக் குதிகால் மூடிய ஷூவும், சக்கரத்துக்கு மறைப்பும் இருக்கட்டும்.

ராணுவத்தைப் பற்றிச் சொன்னது அரைகுறை. நுனிக்காலில் நிற்கும்போது வளைவு தெரிந்து, பாதம் நெகிழ்வாகவும் வலியின்றியும் இருந்து, நுனிக்காலில் நன்றாக ஓடவும் முடிந்தால் ராணுவ அதிகாரிகளுக்கான தேர்வில் தட்டைப் பாதம் தடையாகாது என்று மருத்துவ விதிமுறையே சொல்கிறது. ஆறு வயதுப் பையனுக்கு ஷூ விற்க அதை இழுத்ததுதான் எனக்கு எரிச்சல்.

இப்போது உண்மையான பிரச்சினைக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் இருக்கும் கோளாறு தட்டைப் பாதம் அல்ல, அளவு.

நுனியில் இடம் இருக்கிறது, ஆனால் சுண்டு விரல் சிவக்கிறது என்கிறீர்கள். அப்படியென்றால் அந்த ஷூவின் அகலம் போதவில்லை. நம் ஊரில் இது மிகச் சாதாரணம். கடைகளில் இருப்பவை பெரும்பாலும் பிரிட்டன், ஐரோப்பிய அளவுகளை ஒட்டியவை. நம் பாதங்களோ அகலமானவை. சென்னை அடையாறில் உள்ள மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம் 2021-22-இல் நாடு முழுவதும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோரின் பாதங்களை முப்பரிமாணக் கருவியில் அளந்து இதை உறுதிசெய்தது. அந்த அளவுகளைக் கொண்டு ‘பா’ என்ற பெயரில் இந்தியாவுக்கென்று தனி அளவுமுறை ஒன்றும் முன்வைக்கப்பட்டிருக்கிறது. அது கடைக்கு வந்து சேரும் வரை நாம் என்ன செய்கிறோம்? அகலம் பிடிக்கிறது என்றால் ஒரு நம்பர் நீளமாக வாங்குகிறோம். அதில் கால் முன்னே சரிகிறது, விரல்கள் குறுகலான பகுதியில் போய் மாட்டிக்கொள்கின்றன, பின்னால் குதிகால் ஏறி இறங்கி உரசிக் கொப்புளம் வருகிறது. உங்கள் மகனுக்கு நடந்தது இதேதான். பஞ்சு அடைப்பது விரல்களுக்கு இருக்கும் இடத்தையும் பறிக்கிறதே தவிர, குதிகாலைப் பிடித்து நிறுத்துவதில்லை. விரல் பக்கம் அகலமாகவும் வட்டமாகவும் உள்ள வேறு மாடலைத் தேடுங்கள். கூர்மூக்கு ஷூ குழந்தைக்கு வேண்டவே வேண்டாம்.

அளவெடுப்பதற்கு மாலை நேரம் நல்லது. பகலெல்லாம் நடந்த பாதம் சற்று வீங்கியிருக்கும். கெட்டியான அட்டையின் மேல் மகனை நிற்கவையுங்கள். உட்கார்ந்தபடி அளந்தால் பாதம் சிறிதாகத் தெரியும். இரண்டு பாதங்களையும் சுற்றிப் பென்சிலை நேராகப் பிடித்து வரையுங்கள். இரண்டும் ஒரே அளவாக இருக்காது, பெரியதை எடுத்துக்கொள்ளுங்கள். மிக நீண்ட விரலுக்கு முன்னால் 12 மில்லிமீட்டர் சேர்த்து அட்டையை வெட்டிக் கடைக்குக் கொண்டுபோங்கள். அட்டை ஷூவுக்குள் மடங்காமல் படிந்தால் நீளமும் அகலமும் ஒத்துப்போகின்றன என்று பொருள். உள்ளே இருக்கும் இன்சோல் கழற்றக்கூடியதாக இருந்தால் வேலை இன்னும் எளிது. அதை வெளியே எடுத்துத் தரையில் போட்டு அதன்மேல் அவனை நிற்கவையுங்கள். பாதம் பக்கவாட்டில் வழிகிறதா, விரலுக்கு முன் எவ்வளவு இடம் என்பது கண்ணுக்கே தெரிந்துவிடும்.

வெளியிலிருந்து கட்டைவிரலால் ஷூவின் மூக்கை அழுத்திப் பார்க்கும் வழக்கத்தை நம்பாதீர்கள். அழுத்தினவுடன் குழந்தை விரலை மடக்கிக்கொள்ளும். ‘இறுக்குகிறதா?’ என்று கேட்பதிலும் பயனில்லை. பளபளக்கும் புது ஷூவைக் கையில் பிடித்திருக்கும் எந்தப் பிள்ளையும் இறுக்குகிறது என்று சொல்லாது. சாக்ஸோடு இரண்டு காலிலும் போட்டு, லேஸ் கட்டி, கடைக்குள்ளேயே சில நிமிடங்கள் நடக்கவும் ஓடவும் விட்டு, குதிகால் கழன்று வருகிறதா என்று பாருங்கள்.

நம்பரிலும் ஒரு குழப்பம் இருக்கிறது. குழந்தைகளுக்கான பிரிட்டன் அளவு 13-இல் முடிந்து மறுபடி 1-இலிருந்து தொடங்கும். ஒரு நம்பருக்கும் அடுத்ததற்கும் சுமார் எட்டரை மில்லிமீட்டர் வித்தியாசம். ஆறு வயதுப் பிள்ளையின் பாதம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரோ அதைவிடச் சற்றுக் குறைவாகவோ வளரும். இரண்டு நம்பர் பெரிதாக வாங்கினால் அந்த ஷூ அவனுக்குச் சரியாக உட்கார ஒன்றரை ஆண்டுக்கு மேல் ஆகும். பள்ளி ஷூ அதற்குள் கிழிந்துவிடும். 12 மில்லிமீட்டர் இடம் விட்டு வாங்கியது ஏறக்குறைய ஆறேழு மாதம் வரும். காலாண்டு, அரையாண்டு விடுமுறைகளில் மீண்டும் அட்டையில் நிற்கவைத்துப் பாருங்கள். முன்னால் இருக்கும் இடம் அரை சென்டிமீட்டருக்குக் கீழே போய்விட்டால் மாற்ற வேண்டியதுதான். ஆண்டுக்கு இரண்டு முறை சாதாரண விலையில் வாங்கினாலும் 3,800 ரூபாய் ஆகாது.

தாங்குகிற ஷூ என்றால் உள்ளங்காலுக்கு முட்டுக்கொடுக்கும் ஷூ என்று நினைக்க வேண்டாம். குதிகாலைச் சுற்றியுள்ள பகுதி கெட்டியாக இருக்க வேண்டும். இரண்டு விரல்களால் அழுத்தினால் சப்பையாகக் கூடாது. ஷூவை வளைத்தால் விரல்கள் மடங்கும் இடத்தில் எளிதாக மடங்க வேண்டும், நடுவில் அல்ல. ஈரத்துணியைப் பிழிவதுபோல் முறுக்க முடிந்தால் அதை வைத்துவிட்டு வாருங்கள். கொஞ்சமும் வளையாத கட்டை ஷூவையும்தான். அடிப்பகுதி வழுக்காமல், எடை குறைவாக, குதி உயரமில்லாமல் இருக்கட்டும். லேஸோ வெல்க்ரோ பட்டையோ கட்டாயம் வேண்டும். சும்மா நுழைத்துக்கொள்ளும் ஷூவில் கால் நழுவாமலிருக்க விரல்கள் நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டே இருக்கும். இவ்வளவும் இருந்துவிட்டால் என்ன பிராண்ட் என்பதில் எனக்கு அக்கறை இல்லை.

சாக்ஸைச் சொல்லாமல் விடக்கூடாது. ஷூ சரியாக இருந்தும் சிறுத்துப்போன சாக்ஸ் விரல்களை மடக்கிவிடும். பருத்தி கலந்த சாக்ஸ் போதும், தினமும் துவைத்தது. ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த ஷூவை மறுநாளும் அப்படியே போட்டால் விரலிடுக்கில் சேற்றுப்புண் வரும். லேஸைத் தளர்த்தி, உள்ளே செய்தித்தாளைத் திணித்து மின்விசிறிக்குக் கீழே வையுங்கள். முடிந்தால் மழைக்காலத்தில் இரண்டு ஜோடி வைத்துக்கொள்ளுங்கள். பெருவிரல் நகத்தை ஓரம் வளைத்து வெட்டாமல் நேராக வெட்டுங்கள். வளைத்து வெட்டிய நகமும் இறுக்கமான ஷூவும் சேர்ந்தால் நகம் சதைக்குள் வளர்ந்து சீழ் பிடிக்கும்.

மருத்துவரிடம் காட்ட வேண்டியது எப்போது? நுனிக்காலில் நின்றும் வளைவு வராவிட்டால். ஒரு கால் மட்டும் தட்டையாக இருந்தால். பாதமோ கணுக்காலோ வலித்து, விளையாட்டை விட்டு ஒதுங்கி உட்கார்ந்தால், நொண்டினால். மூன்று வயதுக்குப் பிறகும் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலிலேயே நடந்தால். தரையிலிருந்து எழும்போது கைகளைத் தொடையில் ஊன்றி ஏறுவதுபோல் எழுந்தால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அது தசை நோயின் அறிகுறியாக இருக்கலாம். வலியோடு கூடிய தட்டைப் பாதத்துக்கு மருத்துவர்களான நாங்களும் மெத்தென்ற உள்வார்ப்பு எழுதிக் கொடுப்பதுண்டு. அது வலியைக் குறைக்கத்தான், வளைவை உண்டாக்க அல்ல. எட்டு வயதுக்கு மேல், ஓடியாடும் பிள்ளைகளுக்கு வரும் குதிகால் வலி வேறு கதை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

மகனின் சுண்டு விரல் ஓரத்துக்கு மருந்து எதுவும் வேண்டாம். அந்த ஷூவை இன்றே நிறுத்திவிட்டு, பள்ளி திறக்கும் வரை பட்டை வைத்த சாண்டல் போடட்டும். சிவப்பு ஒரு வாரத்தில் போகாவிட்டாலோ, அந்த இடம் தடித்தாலோ, நீர் கோத்தாலோ அருகிலுள்ள மருத்துவரிடம் காட்டுங்கள்.

தங்கைக்கு வருகிறேன். திருமணத்துக்கும் பிறந்தநாளுக்கும் மட்டும் அண்ணன் போட்ட ஷூ என்றால், அவளுடைய அட்டை அதற்குள் படிந்தால், தயங்காமல் போடுங்கள். தினமும் பள்ளிக்குப் போட்டுச் சென்றது வேண்டாம். இன்சோலில் அவன் விரல்கள் பதிந்த பள்ளம் இருக்கும், அடிப்பகுதி ஒரு பக்கமாகத் தேய்ந்திருக்கும், குதிகால் பகுதி சரிந்திருக்கும். மேசைமேல் வைத்துப் பின்னாலிருந்து பார்த்தால் ஷூ எந்தப் பக்கம் சாய்கிறது என்பது தெரியும். சாய்ந்தால் போட வேண்டாம். நான்கு வயதுப் பெண்ணுக்கு நாள் முழுதும் ஷூ தேவையும் இல்லை. அவளுடைய பள்ளி கட்டாயப்படுத்தவில்லை என்றால் பின்பட்டை வைத்த, விரல் பக்கம் அகலமான சாண்டலே போதும்.