அமெரிக்கா – ஐரோப்பா கூட்டணி உண்மையிலேயே உடைகிறதா, இல்லை இது எப்போதும் நடக்கிற சண்டைதானா?

நான் ஜெர்மனியில் கைசர்ஸ்லாட்டர்ன் என்ற ஊரில் முதுகலை படித்தவன். பெயர் வாயில் நுழையாததால் அமெரிக்கர்கள் அதை கே-டவுன் என்று சுருக்கிவிட்டார்கள். பக்கத்திலேயே ராம்ஸ்டைன் விமானத் தளம். படையினர், குடும்பம் என்று சுமார் 50,000 அமெரிக்கர்கள் அந்த வட்டாரத்தில் இருக்கிறார்கள், அவர்கள் நாட்டுக்கு வெளியே இவ்வளவு பெரிய ராணுவக் குடியிருப்பு வேறெங்கும் கிடையாது. எங்கள் ஹவுஸ் ஓனர் அம்மா மாணவர்களுக்கு வீடு தர அவ்வளவு யோசிப்பார், அமெரிக்கச் சிப்பாய் என்றால் மறுநாளே சாவி கொடுத்துவிடுவார். வாடகை ஒழுங்காக வருமாம்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், டிவியில் தெரிகிற சண்டையும் அங்கே தரையில் நடப்பதும் ஒன்றாக இருப்பதில்லை. 2003 இராக் போரை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் பிரதமர் ஷ்ரோடர் முடியாது என்றார், பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் வில்பான் ஐ.நா. பாதுகாப்புச் சபையிலேயே எதிர்த்துப் பேசினார், அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் இரண்டு நாடுகளையும் ‘பழைய ஐரோப்பா’ என்று நக்கலடித்தார், அமெரிக்க நாடாளுமன்றக் கேன்டீனில் ‘ஃபிரெஞ்ச் ஃப்ரைஸ்’ பெயரைக்கூட மாற்றினார்கள். ஆனால் அதே ஷ்ரோடர் அரசு அமெரிக்க விமானங்கள் ஜெர்மன் வானத்தில் பறக்கவும் தளங்களைப் பயன்படுத்தவும் தடை சொல்லவே இல்லை. அமெரிக்க முகாம்களுக்கு ஜெர்மன் ராணுவமே காவல் நின்றது. இராக்கில் காயம்பட்டவர்கள் ராம்ஸ்டைனில் இறங்கி, பக்கத்து லாண்ட்ஸ்டூல் மருத்துவமனைக்குத்தான் வந்தார்கள்.

அதற்கு முன்னாலும் இப்படித்தான். 1956இல் சூயஸ் கால்வாய்க்காக பிரிட்டனும் பிரான்ஸும் எகிப்து மேல் பாய்ந்தபோது, பவுண்டு சரிந்துகொண்டிருந்த நேரம் பார்த்து அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் பிரிட்டனின் கழுத்தைப் பிடித்தார்: படையைத் திரும்பப் பெறாவிட்டால் ஐ.எம்.எஃப். (சர்வதேச நிதியம்) பணம் வராது. படை திரும்பியது. 1966இல் பிரெஞ்சு அதிபர் டி கால், அமெரிக்காவும் ஐரோப்பிய நாடுகளும் சேர்ந்த ராணுவக் கூட்டணியான நேட்டோவின் கூட்டு ராணுவத் தலைமையிலிருந்து பிரான்ஸை வெளியே எடுத்தார், பாரிஸில் இருந்த தலைமையகம் பிரஸ்ஸல்ஸுக்கு மூட்டை கட்டியது. கூட்டணி என்னவோ உடையவில்லை, பிரான்ஸும் 2009இல் திரும்பி வந்தது.

சரி, அப்படியென்றால் இப்போதும் அதே கதைதானா? எனக்கு அப்படித் தோன்றவில்லை. சூயஸ், இராக் எல்லாம் ஐரோப்பாவுக்கு வெளியே நடந்த விவகாரங்கள். ‘நீ போ, நான் வரவில்லை’ என்று ஒதுங்கிக்கொள்ள முடிந்தது. இப்போது தகராறு உக்ரைன் பற்றி, கிரீன்லாந்து பற்றி, அதாவது அவர்கள் வீட்டு வாசலைப் பற்றி. கிரீன்லாந்து டென்மார்க்கின் கீழ் இருக்கிற தீவு, அது தனக்கு வேண்டும் என்கிறார் ட்ரம்ப். டென்மார்க் சுமார் 60 லட்சம் பேரே உள்ள நாடு. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நேட்டோ தன் வரலாற்றில் ஒரே ஒரு முறை ஐந்தாம் பிரிவை (ஒருவர் மேல் தாக்குதல் என்றால் எல்லோர் மேலும் தாக்குதல் என்கிற பிரிவு) அமல்படுத்தியது, அதுவும் அமெரிக்காவுக்காக. அப்புறம் ஆஃப்கானிஸ்தானில் டேனிஷ் வீரர்கள் 40க்கும் மேல் செத்தார்கள். அந்த நாட்டிடம் போய் ‘உன் தீவைக் கொடு’ என்று கேட்டால் என்ன நினைப்பார்கள்?

ஐந்தாம் பிரிவு என்றதும் நம்மில் பலர், ஒருவரை அடித்தால் எல்லோரும் உடனே போருக்குக் கிளம்ப வேண்டும் என்று எழுதியிருப்பதாக நினைக்கிறோம். உதவிக்கு வர வேண்டும், ஆனால் என்ன நடவடிக்கை என்பதை ஒவ்வொரு நாடும் தனக்குத் தேவை என்று தோன்றுகிறபடி முடிவு செய்யலாம், அவ்வளவுதான் அதில் இருக்கிறது. அதற்கு மேல் எல்லாம் நம்பிக்கை. அந்த நம்பிக்கையில்தான் ஓட்டை விழுந்திருக்கிறது. 2025 பிப்ரவரியில் ஐ.நா. பொதுச்சபையில் ரஷ்யப் படையெடுப்பைப் பற்றி உக்ரைனும் ஐரோப்பாவும் கொண்டுவந்த தீர்மானத்தை எதிர்த்து அமெரிக்கா ரஷ்யாவோடு சேர்ந்து ஓட்டுப் போட்டது. மார்ச்சில் உக்ரைனுக்குப் போய்க்கொண்டிருந்த உளவுத் தகவலைச் சில நாள் நிறுத்தியது. என்னைக் கேட்டால் மற்ற எந்தப் பேச்சையும்விட ஐரோப்பிய ராணுவத்தினரை உலுக்கியது இதுதான். செயற்கைக்கோள், பேட்ரியாட் ஏவுகணை, வானில் எரிபொருள் நிரப்பும் விமானம் எல்லாவற்றுக்கும் அவர்கள் பெரும்பாலும் அமெரிக்காவைத்தானே நம்பியிருக்கிறார்கள்.

ஐரோப்பா தன் ராணுவத்துக்குப் போதிய செலவு செய்வதில்லை என்று ட்ரம்ப் கத்துவதில் பாதி நியாயம் என்பதையும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒபாமாவின் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2011லேயே பிரஸ்ஸல்ஸில் இதே குறையைச் சொன்னார், யாரும் பெரிதாகக் காதில் வாங்கவில்லை. 2014இல் ஜி.டி.பி.யில் 2 சதவீதம் ராணுவத்துக்கு என்ற இலக்கைத் தொட்டவை வெறும் மூன்று நாடுகள். 2025 ஜூனில் ஹேக் நகரில் நடந்த நேட்டோ மாநாட்டில் 2035க்குள் 5 சதவீதம் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் (ஸ்பெயின் மட்டும் எங்களால் ஆகாது என்றது). கடன் என்றாலே அலர்ஜியான ஜெர்மனி, ராணுவச் செலவுக்காக அரசியலமைப்பையே திருத்தியது. அங்கே கொஞ்ச நாள் இருந்தவர்களுக்குத்தான் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று புரியும்.

ஆக, நேட்டோ நாளைக்கே கலையாது. ஆனால் அமெரிக்கா வராவிட்டால் என்ன செய்வது என்ற கணக்கை, முன்பு பிரான்ஸ் மட்டும் போட்டதை, இப்போது பெர்லினும் உட்கார்ந்து போடுகிறது. எனக்குப் பெரிய மாற்றமாகத் தெரிவது இதுதான்.

பழைய ஹவுஸ் ஓனர் அம்மாவோடு கொஞ்ச நாள் முன்னால் போனில் பேசினேன். லாண்ட்ஸ்டூலுக்குப் பதிலாகப் பக்கத்து வைலர்பாக்கில் அமெரிக்க ராணுவத்துக்கென 2022இல் ஒரு பிரம்மாண்ட மருத்துவமனை கட்டத் தொடங்கினார்களே, அங்கே வேலைக்கு வருகிறவர்கள் எந்தப் பக்கம் வீடு பார்ப்பார்கள் என்பதுதான் அவருடைய கவலை.