சாம்பல் வயரை எங்கே பூட்டுவது?

கராஜ் கேள்வி பதில்

கேள்வி: அண்ணை, என்னிடம் 1991ஆம் ஆண்டு யூனோஸ் ரோட்ஸ்டர் ஒன்று இருக்கிறது. மஸ்டா எம்எக்ஸ்-5தான், ஜப்பானில் இருந்து இறக்கிய 1.6. எஞ்சினில் இருந்து புகையை வெளியேற்றும் எக்ஸோஸ்ற் மனிஃபோல்டைக் கழற்றிவிட்டு நீளக் குழாய் வகை ஒன்றைப் போட்டேன். அதில், புகையில் உள்ள ஒட்சிசனை அளக்கும் ஒட்சிசன் சென்சார் பூட்டும் துளை நன்றாகக் கீழே போய்விட்டது. பழைய ஒற்றை வயர் சென்சார் அங்கே சூடேறவில்லை. அதனால் நான்கு வயர் சென்சார் வாங்கினேன்: இரண்டு வெள்ளை, ஒரு கறுப்பு, ஒரு சாம்பல். பழைய சென்சாரின் பிளக்கை வாலோடு வெட்டி எடுத்து, கறுப்பை அதில் ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். ஒரு வெள்ளைக்கு ரேடியோவின் பிளஸ் கொடுத்தேன். மற்ற வெள்ளையையும் சாம்பலையும் சேர்த்து முறுக்கி, காரின் பொடியில் (உடற்தகட்டில்) இருந்த ஒரு ஸ்குரூவில் பூட்டினேன். காலையில் அருமையாக ஸ்ராட் ஆகும். ஐந்து நிமிடம் ஓடியதும் திணறும், ட்ராஃபிக் லைட்டில் நின்றே போகும். பிளக்கைக் கழற்றிவிட்டால் ஒழுங்காக ஓடுகிறது. சென்சார் பழுதா? போன மாதம் எம்.ஓ.ரி. (இங்கத்தைய வருடாந்த வாகனப் பரிசோதனை) பாஸ் பண்ணியது.
வாசகர், ஹரோ, லண்டன்.

பதில்: தம்பி, இப்படி விவரமாக எழுதுகிறவர்கள் குறைவு. அந்த ஸ்குரூவைச் சொல்லாமல் விட்டிருந்தால் நானும் "சென்சாரை மாற்றிப் பாருங்கோ" என்று எழுதி உங்கள் காசைக் கரைத்திருப்பேன். அனேகமாக சென்சாரில் பிழையில்லை. பிழை அந்த ஒற்றை ஸ்குரூவில்.

பிளக்கைக் கழற்றினால் கார் சுகமாகிறது என்றால், ஈசியூ, அதாவது எஞ்சினுக்குப் பெற்றோலை அளந்து விடும் கணினி, சென்சாரின் பேச்சைக் கேட்டுத்தான் கெடுகிறது. எஞ்சின் குளிராக இருக்கும்போது அது சென்சாரைக் கேட்பதே இல்லை. அதனால்தான் முதல் ஐந்து நிமிடமும் அருமை. சூடேறியபின் கேட்கத் தொடங்குகிறது, உங்கள் சென்சாரின் பேச்சோ கோணலாக அதன் காதுக்குப் போகிறது.

அந்தப் பேச்சு எவ்வளவு மெல்லிய குரல் என்று பாருங்கள். கலவையில் பெற்றோல் குறைந்தால் 0.1 வோல்ற் அளவு, கூடினால் 0.9 அளவு. நடுக்கோடு 0.45. முழுக் கதையும் ஒரு வோல்ற்றுக்குள் முடிகிறது. வெள்ளை வயர்கள் இரண்டும் சென்சாரைச் சூடாக்கும் ஹீற்றருக்கு. அது ஒரு அம்பியர் அளவு இழுக்கும். பெயின்ற்றுக்கு மேலே இறுக்கிய ஸ்குரூவில் அரை ஓம் தடை இருந்தாலே, ஒரு அம்பியருக்கு அரை வோல்ற் அங்கே தேங்கும். சாம்பல்தான் சிக்னலின் எர்த். அதையும் அதே ஸ்குரூவில் கட்டியதால், சென்சார் நிற்கிற தரையே அரை வோல்ற் உயர்ந்துவிட்டது. அது 0.1 என்று சொல்ல ஈசியூவுக்கு 0.6 என்று கேட்கிறது. "ஐயோ, பெற்றோல் கூடிப்போச்சு" என்று குறைக்கிறது. குறைத்தாலும் 0.6தான். இன்னும் குறைக்கிறது. கடைசியில் லைட்டில் கார் நிற்கிறது, பின்னால் நிற்கிறவன் ஹோர்ன் அடிக்கிறான்.

எம்.ஓ.ரி. பாஸ் ஆனதை வைத்து ஆறுதல் படவேண்டாம். 1986 ஓகஸ்ட்டுக்கும் 1992 ஓகஸ்ட்டுக்கும் இடைப்பட்ட கார்களுக்குக் காபன் மொனொக்சைட் 3.5 வீதம் வரை விடுவார்கள். பெற்றோல் குறைந்து ஓடுகிற கார் அதில் முதலாம் பிரிவில் பாஸ் பண்ணும்.

நான் தொழில் பழகியது தொண்ணூறுகளில், யாழ்ப்பாணத்தில். பெற்றோல் வராத காலம். ஒஸ்ரினும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. கொஞ்சம் பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். கலவை சரியோ என்று சொல்ல மூக்கும், கழற்றிய ஸ்பார்க் பிளக்கின் நிறமும்தான். அந்த மூக்கை நம்பி லண்டனில் வந்து அவமானப்பட்ட கதையும் உண்டு. பழைய போர்ஷே 944 ஒன்று. மூன்று வயர் சென்சாருக்குப் பதிலாக நான்கு வயர் பூட்டினேன். சாம்பலை என்ன செய்வதென்று தெரியாமல் ஹீற்றரின் எர்த்தோடு சேர்த்துவிட்டேன். கார் திணறியது. இன்ஜெக்டர்களைக் கழற்றிக் கழுவினேன். இரண்டாவது சென்சார் வாங்கினேன். மூன்றாம் நாள் மதியம், தேத்தண்ணிக் கோப்பையை எஞ்சின் மேலே வைத்துவிட்டு, சும்மா மீற்றரின் ஒரு முனையைச் சாம்பலிலும் மற்றதை எஞ்சினிலும் வைத்தேன். 0.4 வோல்ற். வயர் இரண்டையும் பிரித்ததும் கார் பூனைபோல உறுமியது. அந்த இரண்டாவது சென்சாருக்கு நான் காசு கேட்கவில்லை.

நீங்களும் முதலில் அந்த அளவை எடுங்கள். எஞ்சினை ஓடவிட்டு, டிஜிற்றல் மீற்றரை டிசி வோல்ற்றில் வைத்து, சாம்பலுக்கும் எஞ்சினின் சுத்தமான இரும்புக்கும் இடையே பாருங்கள். பூச்சியத்தை ஒட்டி இருக்கவேண்டும். ஊசி மீற்றர் வேண்டாம். சிக்னல் வயரில் ஓம் அளவும் எடுக்கவேண்டாம், சென்சார் போய்விடும்.

பிறகு சாம்பலைத் தனியே பிரியுங்கள். உங்கள் பழைய ஒற்றை வயர் சென்சார் தன் மரையாலேயே எஞ்சினில் எர்த் எடுத்தது. அதே வேலையைத்தான் இப்போது சாம்பல் செய்யப்போகிறது. ஈசியூவின் எர்த் வயர்கள் எஞ்சினில் எந்தப் போல்ற்றில் இருக்கின்றன என்று தேடி, அங்கேயே பூட்டுவது உத்தமம். எர்த்துக்குப் போகும் வெள்ளைக்குப் பொடி போதும், ஆனால் பெயின்ற்றைச் சுரண்டி இரும்பு மின்னவேண்டும்.

ரேடியோ வயரையும் விடுங்கள். எஞ்சின் ஓடாமல் நீங்கள் கார்ப் பார்க்கில் பாட்டுக் கேட்க, சென்சார் உள்ளே கொதிக்கும். குளிர்ந்த குழாயில் தேங்கிய தண்ணீர் அந்தச் சூட்டில் தெறித்தால் உள்ளிருக்கும் செரமிக் வெடித்துவிடும். உங்கள் 1.6இல் ஒரு வசதி: எஞ்சின் இழுக்கும் காற்று, காற்றளவுப் பெட்டியின் மடலைத் தள்ளினால்தான் பெற்றோல் பம்ப்புக்குக் கரண்ட் போகும். அந்தப் பம்ப் வயரில் இருந்து ஒரு ரிலேயின் (சிறு கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிச்) 86 என்று எழுதிய காலுக்கு மட்டும் தொட்டுக்கொள்ளுங்கள், 85 எர்த்துக்கு. ஹீற்றரின் கரண்ட் பற்றரியில் இருந்து 10 அம்பியர் பியூஸ் வழியாக 30க்கு வந்து, 87இல் இருந்து மற்ற வெள்ளைக்குப் போகட்டும். வெள்ளையில் எது பிளஸ் என்ற கவலை வேண்டாம், எப்படிப் போட்டாலும் ஒன்றுதான்.

ஈயம் வைத்தது இன்னொரு கவலை. சென்சார், புகையில் உள்ள ஒட்சிசனை வெளிக்காற்றோடு ஒப்பிட்டுத்தான் சொல்கிறது. அந்த வெளிக்காற்று எந்த வழியால் உள்ளே போகிறது தெரியுமோ? வயரின் உறைக்குள்ளே, செப்பு இழைகளுக்கு இடையில் இருக்கும் இடுக்கால். ஈயம் உருகி அந்த இழைகளுக்குள் ஓடினால் மூச்சு அடைபடும். பற்றவைத்த துண்டை வெட்டி எறிந்துவிட்டு, குறட்டால் நசுக்கும் இணைப்புக் குழாய் போடுங்கள். கிறீஸ், சிலிக்கன் ஒன்றும் தடவவேண்டாம்.

இத்தனையும் செய்தபின் கறுப்பு வயரைப் பாருங்கள். சூடான எஞ்சினில் மீற்றர் 0.1க்கும் 0.9க்கும் இடையே நிலையில்லாமல் ஆடவேண்டும். ஆடாமல் ஒரே இடத்தில் நின்றால் மட்டும் எனக்குத் திரும்ப எழுதுங்கள்.

கேள்வி: பழைய காருக்கு ஐந்து வயர் வைட்பாண்ட் (கலவையை விரிந்த அளவில் அளக்கும்) சென்சார் மலிவாகக் கிடைத்தது. பெட்டி ஒன்றும் கூட வரவில்லை. ஈசியூவில் நேரே கொழுவலாமா?
வாசகர், ஸ்காபரோ, ரொறன்ரோ.

பதில்: கொழுவ முடியாது. அது நேரே வோல்ற் தருகிற சென்சார் இல்லை. அதை நடத்த ஒரு கொன்ற்றோலர் பெட்டி வேண்டும். பல பெட்டிகளில் இரண்டு வெளியீடு இருக்கும்: ஒன்று மீற்றருக்கு 0 முதல் 5 வோல்ற், மற்றது பழைய சென்சார் மாதிரி நடித்து ஈசியூவை ஏமாற்ற. வாங்கமுன் அந்த இரண்டாவது இருக்கிறதா என்று கேளுங்கள். சென்சாரின் பிளக்கை மட்டும் வெட்டிவிடாதீர்கள். அந்தச் சென்சாருக்கென்றே அளந்து வைத்த ஒரு ரெசிஸ்ற்றர் அதற்குள் இருக்கிறது. பெட்டி வரும்வரை அதை எக்ஸோஸ்றில் பூட்டி ஓடவும் கூடாது. சூடேறாத முனையில் கரி படிந்து, பூட்டிய அன்றே பழசாகிவிடும். துளையை 18 மி.மீ. அடைப்பு ஆணியால் மூடிவையுங்கள்.